பீளமேட்டுக் கணினியில் ஒருவருக்குத்தான் இடம்

இந்த ஊரில் கதவைத் திறப்பதற்கு முன்னால் வெளியே ஆள் அரவம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். காலையில் காலணி மாட்டிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைக்கும் நேரத்தில் எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் காலணிச் சத்தம் கேட்கும். நான் வெளியே வந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். நான் படியிறங்கிப் போய்க் கீழ்க்கதவு சாத்திய பிறகுதான் மேலே அந்தக் கதவு திறக்கும். முதல் குளிர்காலம் முழுக்க, அந்த அம்மாளுக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்றே நினைத்திருந்தேன். தாளித்த வாசனை போயிருக்குமோ, சத்தமாகப் போன் பேசிவிட்டேனோ என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். சமாதானம் செய்யலாம் என்று ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு டப்பாவில் போட்டு எடுத்துப்போய் மணியடித்தேன். கதவைத் திறந்த அந்த அம்மாள், "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அவர் முகத்தில் இருந்த குழப்பம் என் குழப்பத்தைவிடப் பெரிது. மறுநாள் டப்பா கழுவப்பட்டு, ஒரு பையில் என் கதவுப் பிடியில் தொங்கியது. மணியடிக்கவில்லை.

அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் இது பகை அல்ல, மரியாதை என்றார்கள். படிக்கட்டில் இருவர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஏதாவது பேச வேண்டியிருக்கும், அந்தத் தொந்தரவை ஒருவருக்குக் கொடுக்கக் கூடாதாம். கோயமுத்தூரில் நான் பிறந்து வளர்ந்த பீளமேட்டுச் சந்தில், முனையிலிருக்கும் மளிகைக் கடையைத் தாண்டுவதற்குள் நாலு பேராவது "ஏனுங்க அம்மணி, எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்காமல் விட்டால்தான் அங்கே வருத்தம். ஒருவருக்கு இடம் விட்டு ஒதுங்குவது இங்கே மரியாதை, ஒருவர் வரும்போது வாசலில் நிற்பது அங்கே மரியாதை. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு நான் படும் பாடு ஒன்றிரண்டல்ல. அதில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். என் அப்பாவும் எங்கள் வீட்டுக் கணினியும் சம்பந்தப்பட்டது.

முதலில் அப்பா. நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியதும் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அத்தனை வருடம் மில் இரைச்சலுக்குள் நின்றதில் காது பாதி போய்விட்டது. போனில் பேசுவது அவருக்குத் தண்டனை. போனைச் சாமி அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கேயும் ஒரு பம்ப் கம்பெனியில்தான் வடிவமைப்பு வேலை. கோயமுத்தூர்க்காரி வேறெங்கே போவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கான காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா என்று ஆகிவிட்டது. அவர் அங்கே, நான் இங்கே.

அம்மா இறந்த வருடமே அவரை இங்கே அழைத்து வந்தேன். குளிர்காலம் முடியும்வரைகூட அவரால் தாங்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கைகூப்பி "வணக்கமுங்க" என்பார், அவர்கள் ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள். "இந்த ஊருல எனக்குக் காது கேக்காதுங்கறதே ஒருத்தருக்கும் தெரியாது அம்மணி. யாராச்சும் பேசுனாத்தானே தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திரும்பிப் போக டிக்கெட் போட்ட அன்றுதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

போன கோடையில் வீட்டுக்குள் மயங்கி விழுந்துவிட்டார். எதிர்வீட்டு பேபி அக்கா, துணி தைக்கிறவர், வாசல் தெளிக்காமல் கிடப்பதைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, அவர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தகவல். "நீங்க அங்கிருந்து பதறுவீங்கன்னுதானுங்க சொல்லலை" என்றார் பேபி அக்கா. விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். இனி தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். அப்பா முடியாது என்றார். சரி, வீட்டில் ஒரு கேமரா மாட்டுகிறேன், அங்கிருந்தபடி பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நானென்ன நகைக்கடையா, கேமரா வெச்சுப் பாக்கறதுக்கு? துண்டைக் கட்டிட்டு உக்காந்திருப்பன், பனியனோட இருப்பன், அதையெல்லாம் உங்காபீசுல உக்காந்து பாப்பியா நீ?"

அப்போதுதான் கணினி என் கண்ணில் பட்டது. நான் கல்லூரியில் படிக்கும்போது காந்திபுரத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. பழையதாகி மெதுவாகிவிட்டது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அம்மா பள்ளிக்கூட டீச்சர், வினாத்தாள் தட்டச்சு செய்வதற்காக அதை உபயோகித்தார். இப்போது அப்பா அதில் சீட்டு ஆடுகிறார், தனி ஆள் ஆடும் சீட்டு. கேமராவுக்குப் பதிலாக ரிமோட் டெஸ்க்டாப் போடலாம் என்று தோன்றியது. அதாவது, சுவீடனில் என் மடிக்கணினியைத் திறந்தால் பீளமேட்டுக் கணினிக்குள் நான் போக முடியும். கரண்ட் பில் கட்டலாம், கேஸ் புக் பண்ணலாம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கலாம். அப்பாவின் உடம்பைப் பார்க்க முடியாது, ஆனால் வீட்டுக்குள் தினமும் ஒரு நடை போய்வந்த மாதிரி இருக்கும். அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. ஒரு கெடுவும் வைத்தேன். கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொன்னேன். "இது ஒழுங்கா ஓடுச்சுன்னா நீங்க இங்கயே இருங்கப்பா. நான் உள்ள வர முடியாமப் போச்சுன்னா, மார்கழிக்குள்ள டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவேன்." அப்பா தலையாட்டினார். அந்த வாக்கியம் அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

விடுப்பு முடிவதற்குள் எல்லாம் பொருத்திவிட்டேன். இணையத்தில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருவர் சொன்ன கட்டளையை அடித்தால் இன்னொருவர் அதை அடிக்கவே கூடாது என்கிறார். புரிந்ததைச் செய்தேன், புரியாததை நம்பிச் செய்தேன். அப்பா வாக்கிங் போயிருந்த ஒரு காலையில் பக்கத்து அறையிலிருந்து என் மடிக்கணினியில் முயன்று பார்த்தேன். அம்மா வால்பாறையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் படம், கணினியில் வைத்திருந்தது, அப்படியே என் மடியில் வந்து நின்றது. எனக்கே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். கணினியை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, வெளியே போனால் லாக் அவுட் மட்டும் செய்தால் போதும். மில்லில் ஷிப்ட் முடிந்தால் மிஷினை ஒழுங்கு பண்ணிவிட்டு இறங்குகிற மனுஷர் அவர், அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

கோத்தன்பர்க் வந்து முதல் நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன் முயன்றேன். பயனர் பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். அதற்குப் பிறகு திரை கறுப்பாகிவிட்டது. பிழை என்று எதுவும் சொல்லவில்லை. எதுவுமே இல்லாத கறுப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே மூடிக்கொண்டது. மறுபடி முயன்றேன், மறுபடி கறுப்பு. அப்பாவுக்குப் போன் அடித்தேன், சாமி அறையில் அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. பேபி அக்காவைக் கூப்பிட்டேன். தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பா நல்லாத்தானுங்க இருக்கறாரு. கம்ப்யூட்டர்ல சீட்டு ஆடிட்டிருக்கறாருங்க." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை, இரண்டும் ஒரே பெட்டி. ஆனால் அன்று மதியம், இங்கே சாப்பாட்டு நேரத்தில் முயன்றபோது, ஒரு தடங்கலும் இல்லாமல் அம்மா தேயிலைக்கு நடுவே வந்து நின்றார். அப்பா அந்த நேரத்தில் பேக்கரிக்கு டீ குடிக்கப் போயிருந்தாராம்.

இதைப் படிக்கிறவர்களில் கணினி தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. பீளமேட்டில் காலையில் கரண்ட் மோசமா என்று யோசித்தேன். இன்வெர்ட்டரா, மோடமா, காற்றோட்டமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொன்றையும் பேபி அக்காவின் போன் வழியாக அப்பாவிடம் சொன்னேன். அவர் மோடத்தைப் பிடுங்கி மாட்டினார். பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். ஜன்னல் ஓரமிருந்த மேசையைச் சுவர் ஓரமாக நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் "இப்பப் பாரு கண்ணு, வருதா?" என்று பேபி அக்காவின் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்பார். வரவில்லை என்பேன். முன்பு மதியத்திலாவது வந்துகொண்டிருந்தது, கொஞ்ச நாளில் அதுவும் வராமல் போனது. எந்நேரம் முயன்றாலும் கறுப்பு. டிக்கெட் விலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர் பெயர் ஆன்டர்ஸ். இங்கே ஃபீக்கா என்று ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு நடுவே எல்லோரும் கூடி உட்கார்ந்து காபி குடிப்பது. அதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். என் அப்பா வீட்டில் இருக்கிறார், அந்தக் கணினிக்குள் நான் போக வேண்டும், அது என்னை விடமாட்டேன் என்கிறது. ஆன்டர்ஸ் முகம் மாறியது. காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "உங்கள் அப்பா பெரியவர். நீங்கள் வருவது அவருக்கு வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும்" என்றார். இன்டெக்ரிட்டேட் என்ற சொல்லையும் சொன்னார். ஒருவருடைய தனிமைக்குள் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் அது. ஐயோ, அப்பா நான் வரவில்லையே என்றுதான் தவிக்கிறார் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

பிறகு அவர் சரியான கேள்வியைக் கேட்டார். கணினியில் அப்பாவின் பயனர் பெயர் என்ன? சரோஜா, என்றேன். உங்களுடையது? அதுவும் சரோஜாதான். அப்படியானால் சரோஜா யார்? என் அம்மா, இறந்துவிட்டார். ஆன்டர்ஸ் எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்போது என்ன நினைத்தாரோ தெரியாது. எனக்கு இதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. எங்கள் வீட்டில் கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர். மின்னஞ்சல் முகவரியும் ஒன்றுதான். ஒரு சோப்பு, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில். கணினிக்குள் மட்டும் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? ஆன்டர்ஸ் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் போட்டிருக்கும் முறையில் ஒரு பெயருக்கு ஓர் இருக்கைதான். உங்கள் அப்பா சரோஜாவாக உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, நீங்களும் சரோஜா என்று சொல்லிக்கொண்டு வந்தால் அதற்குக் குழப்பம். உள்ளேதானே இருக்கிறார், மறுபடி எப்படி வருவார் என்று கறுப்பைக் காட்டிவிடுகிறது. அவர் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்தால் நீங்கள் போகலாம். இல்லையென்றால் அப்பாவுக்குத் தனிப் பெயர் வைத்துக் கொடுங்கள், சில நிமிட வேலை.

அப்படியானால் எல்லா நேரமும் கறுப்பு என்றால் எல்லா நேரமும் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பேபி அக்காவைக் கேட்டேன். "ஆமாங்க அம்மணி. இப்பெல்லாம் வாக்கிங்கும் போறதில்லை, பேக்கரிக்கும் போறதில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுட்டு அதும் முன்னாலயே உக்காந்திருக்கறாரு. சாப்பாடுகூட அங்கதானுங்க. ஏனுங்க இப்புடின்னா, அம்மணி வர்ற நேரத்துல நான் இல்லாமப் போனா நல்லாருக்குமா, ஒறம்பரை வர்றப்ப ஊட்டைப் பூட்டிட்டுப் போவாங்களா-ங்கறாரு." எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு உறவு வருகிறதென்றால் வாசலில் நின்று வாங்க என்று சொல்வதுதானே அவருக்குத் தெரிந்த ஒழுங்கு. அதிலும், நான் உள்ளே வர முடியாவிட்டால் அவரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறேன். கணினி அணைந்துவிடக் கூடாது, மகள் வரும்போது ஆள் இருக்க வேண்டும் என்று அந்த மனுஷர் தன் காற்று, நடை, டீ எல்லாவற்றையும் விட்டுக் காவல் காத்திருக்கிறார். அவர் காவல் காக்கக் காக்க நான் வெளியே நின்றிருக்கிறேன்.

தனிப் பெயர் விஷயத்தை அன்று மாலையே சொன்னேன். பேபி அக்கா போனை அப்பாவின் நல்ல காதில் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர், அம்மா பெயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். அப்பா உடனே வேண்டாம் என்றார். அவர் பல்லடத்துக்காரர். அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூவர் பாகம் பிரித்தபோது தறி ஓடிக்கொண்டிருந்த கூடத்துக்குக் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பினார்கள். அப்பா தன் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மில் வேலைக்குப் பீளமேடு வந்தவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதே கிடையாது. "ஒரே ஊட்டுக்குள்ள ஆளுக்கொரு வாசப்படி வெச்சா என்னாகும்னு நான் பாத்தவன் அம்மணி. சின்னதோ பெருசோ, நம்மூட்டுக்குள்ள அது வேண்டாம்." அப்பா, இது வெறும் கணினி, சுவரெல்லாம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பாகம் பிரிக்கிற மாதிரித்தான் பட்டது.

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் அதில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் உள்ளே வர முடியாது, காத்திருக்க வேண்டாம், நீங்கள் எழுந்துபோனால்தான் எனக்கு வழி கிடைக்கும் என்றேன். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. "அப்ப நான் இருந்தா நீ வர முடியாது. நான் இல்லீனாத்தான் நீ வரலாம். அப்புடித்தானா கண்ணு?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சரிபார்த்துக்கொள்கிற குரலில்தான் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் எதற்கெல்லாமோ ஆமாம் சொன்னதாக ஆகும் போல இருந்தது. அந்த வீடு முழுதாக என் பெயருக்கு வரும் நாள் எதுவென்று எனக்குத் தெரியாதா? பேபி அக்கா போனை வாங்கி, அப்பறமாப் பேசலாமுங்க என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் முயன்றேன், திறந்தது. மதியம் திறந்தது, மாலையும் திறந்தது. ஒரு வாரமாக எப்போது கேட்டாலும் வழி விட்டது. கரண்ட் பில் கட்டினேன், கேஸ் புக் செய்தேன், ரிப்போர்ட்டுகளை ஒழுங்குபடுத்தினேன். அம்மா படம் பளிச்சென்று நின்றது. எல்லாம் நான் கேட்டபடி ஓடியது, எனக்கோ நாளுக்கு நாள் பயம் கூடியது. கறுப்புத் திரை வந்தபோதாவது அப்பா அங்கே இருக்கிறார் என்று இருந்தது. இப்போது நான் சுற்றிவரும் வீட்டில் யாருமில்லை. மவுஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் போகிறேன், அவர் ஆடும் சீட்டு மூடிக் கிடக்கிறது. வாக்கிங் போயிருப்பார், பேக்கரியில் இருப்பார் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நாள் முழுக்கவா போவார்? கடைசியில் பேபி அக்காவைக் கூப்பிட்டேன். "ஊட்டுலதானுங்க இருக்கறாரு. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லீங்க. நீங்க வர்ற எடமாம் அது. சீட்டையும் உட்டுப்போட்டாரு."

ஆபீஸில் மாடிப்படி ஓரமாக நின்று அந்தப் போனைப் பேசினேன். படியேறி வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டார். அவர் செய்ததும் மரியாதைதான், அப்பா செய்ததும் மரியாதைதான். எனக்கு யாராவது வந்து தோளைத் தொட்டால் தேவலாம் போலிருந்தது. நான் கேட்டதெல்லாம் அப்பா நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதற்காக முதலில் அவரை நாற்காலியில் கட்டிப்போட்டேன், பிறகு அவருக்கிருந்த ஒரே விளையாட்டையும் பிடுங்கிக்கொண்டேன். இத்தனையும் அவர் பாதுகாப்புக்காக.

"பேபியக்கா, போனைக் கொடுங்க" என்றேன். அப்பா வந்ததும், அந்த வழியில் போகிறவர் வருகிறவர் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் கத்தினேன். அப்பா, டிக்கெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் எங்கேயும் வர வேண்டாம். அங்கேயே இருங்கள். நான் உள்ளே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வாக்கிங் போங்கள், பேக்கரிக்குப் போங்கள், சீட்டு ஆடுங்கள். திரை கறுப்பாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு நான் நிம்மதியாக வேலைக்குப் போவேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதெப்புடி, நீ வரவே வேண்டாம்னு சொல்றதா?" என்றார். ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நாள் முழுக்க அவருடையது. அவர் டீ குடித்துவிட்டு வந்த பிறகு, என் மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும் லாக் அவுட் செய்துவிட்டு எனக்கு இடம் விடுவார். "சரி, நீ உள்ள வந்துட்டீன்னு எனக்கு எப்புடிக் கண்ணு தெரியும்? இங்க பெட்டியில ஒண்ணும் ஆட மாட்டீங்குதே" என்றார். உண்மைதான். நான் உள்ளே என்ன செய்தாலும் அங்கே திரையில் பெயர் கேட்கும் பக்கம் மட்டும்தான் நிற்கும், மவுஸ்கூட அசையாது. பெட்டிக்குள் கொஞ்சம் ஃபேன் சத்தம் கூடும் என்று சொல்லவந்து, அவர் காதை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

இப்போது காலையில் முயல்கிறேன், கறுப்பு வருகிறது. மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்புகிறேன். ஆன்டர்ஸ் ஒரு தடவை, தனிப் பெயர் வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை, இப்படியே நன்றாக ஓடுகிறது என்றேன். இரண்டு பேருக்கு ஒரு பெயர் எப்படி நன்றாக ஓடும் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிகிறது.

போன வாரம் ஒரு மதியம், அலுவலகச் சமையலறை மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பீளமேட்டுக் கணினிக்குள் போனேன். செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. மூடிவிடலாமா என்று நினைத்தபோது பேபி அக்காவிடமிருந்து போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, பயப்படாதீங்க. குழம்பு குடுக்கலாம்னு வந்தனுங்க. அப்பா அந்த சி.பி.யூ. பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுட்டுக் கண்ணை மூடி உக்காந்திருக்கறாரு. என்னங்க பண்றீங்கன்னு கேட்டனுங்க. சூடேறுது, அம்மணி வந்திருக்குது, சத்தம் போடாதீங்க-ங்கறாரு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கணினியில் கிடந்த வீடியோக்களைத் தேடினேன். வால்பாறையில் அம்மா நடந்துபோவது ஒன்று இருந்தது, அதை ஓடவிட்டேன். அதன் மேலேயே இன்னொன்றையும் ஓடவிட்டேன். படம் எனக்குத் திக்கித் திக்கித்தான் வந்தது. பழைய பெட்டி அல்லவா, தாங்காது. தாங்காமல் நன்றாகச் சூடாகட்டும் என்று மூன்றாவதையும் திறந்தேன்.